அந்த எண் யாருடையது? விகிதக் கணக்குக்குக் கொத்தனார் மகள் சொல்லும் வழி

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சாயங்காலம் 6 மணிக்கு டியூஷன் தொடங்கும். ஆறாவது முதல் பத்தாவது வரை எல்லாரும் ஒரே பாயில்தான். விகிதக் கணக்கில் பிள்ளைகள் சறுக்குவது பெருக்கலிலும் வகுத்தலிலும் என்று முதலில் நினைத்தேன். இல்லை. கணக்கில் கொடுத்திருக்கிற எண் யாருடையது என்று பார்க்காமலே வகுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அது மொத்தமா, ஒருத்தர் பங்கா, இரண்டு பேருக்கும் இடையிலான வித்தியாசமா? அதைக் கேட்பதற்குள் பாதிப் பக்கம் எழுதி முடித்திருப்பார்கள்.

நானும் அப்படிச் சறுக்கியவள்தான். அப்பா கொத்தனார். நான் ஏழாவது படிக்கும்போது ஒரு சுற்றுச்சுவர் பூச்சு வேலை. "ஒண்ணுக்கு நாலு கலவைத்தா. சிமெண்டும் மணலுமாச் சேந்து 60 சட்டி கொட்டணும். எது எத்தன சட்டின்னு எழுது" என்றார். எனக்கு ஒரே குஷி. 1:4 என்றால் கால்; அறுபதில் கால் பதினைந்து. சிமெண்ட் 15, மணல் 45 என்று சிமெண்ட் பைக் காகிதத்தைக் கிழித்து எழுதி நீட்டினேன்.

அப்பா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கரண்டி நுனியால் மண்ணில் ஒரு கோடு போட்டார். கொஞ்சம் தள்ளி நாலு கோடு.

"எத்தன கோடு இருக்கு?"

"அஞ்சு."

"பெறகு கால் எங்கிட்டு இருந்து வந்துச்சு? நீ எழுதுனது ஒண்ணுக்கு மூணுல்ல?"

15:45 சுருக்கினால் 1:3. அவர் சொன்னது சரி. மொத்தம் 5 பங்கு, 60-ஐ 5-ஆல் வகுத்தால் ஒரு பங்கு 12. சிமெண்ட் 12 சட்டி, மணல் 48. 1:4-ல் சிமெண்ட், மணலில் நான்கில் ஒன்று; ஆனால் மொத்தக் கலவையில் ஐந்தில் ஒன்று. இரண்டும் உண்மை. எதில் நான்கில் ஒன்று என்று கேட்காததுதான் என் தப்பு. அந்த ஐந்து கோட்டை வைத்துத்தான் இன்றைக்கும் பாடம் எடுக்கிறேன்.

சுருக்குவது

தீர்ப்பதற்கு முன்னால் சுருக்கத் தெரிய வேண்டும். அதற்கும் முன்னால், இரண்டு பக்கமும் ஒரே அலகில் இருக்க வேண்டும்.

எங்கள் பாட்டி இட்லிக்குப் போடும் அளவு: அரைப்படி அரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து. இதை அப்படியே ½ : 1 என்று எழுதினால் உளுந்து அரிசியைப் போல இரண்டு மடங்கு ஆகிவிடும். அதை அரைத்து வடைதான் சுடலாம். ஒரு படிக்கு 8 ஆழாக்கு, அரைப்படிக்கு 4. ஆக 4:1. கிலோ, கிராமும் இப்படித்தான்: 750 கிராம் : 2 கிலோ என்பது 750:2000, அதாவது 3:8. நேரத்தில் இன்னும் கவனம் வேண்டும். 40 நிமிடத்துக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கும் விகிதம் கேட்டால், ஒன்றரை மணியை 150 நிமிடம் என்று எழுதுகிற பிள்ளை வருஷத்துக்கு ஒன்றாவது வரும். 90 நிமிடம். 40:90 = 4:9. அலகு ஒன்றானதும் அதை விட்டுவிடலாம். 4:9 என்பது நிமிடமும் இல்லை, மணியும் இல்லை, வெறும் எண்.

வரிசையையும் பாருங்கள். "மணலுக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதம்" என்று கேட்டிருந்தால் விடை 4:1. 1:4 எழுதினால் தப்பு.

இனி எதால் வகுப்பது? மீப்பெரு பொதுக் காரணி கண்டுபிடி என்று புத்தகம் சொல்லும். பரீட்சை ஹாலில் காரணி மரம் வரைந்துகொண்டிருக்க நேரம் இருக்காது. இரண்டால், மூன்றால், ஐந்தால் என்று கண்ணுக்குப் பட்டதால் வகுத்துக்கொண்டே போகலாம், தப்பில்லை. ஆனால் எனக்குப் பிடித்த வழி வேறு: பெரியதில் இருந்து சின்னதைக் கழித்துவிடுங்கள். இரண்டு எண்களையும் மீதி இல்லாமல் வகுக்கும் எண் எதுவானாலும், அவற்றின் வித்தியாசத்தையும் மீதி இல்லாமல் வகுத்தே தீரும். அதனால் தேட வேண்டிய இடம் சுருங்கிவிடுகிறது.

91:119-ஐப் பாருங்கள். பார்த்தால் எதாலும் வகுபடாத மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கும். பாதிப் பேர் "இதுக்கு மேல சுருங்காதுக்கா" என்று விட்டுவிடுவார்கள். கழித்தால் 28. இருபத்தெட்டின் காரணிகள் 1, 2, 4, 7, 14, 28. 91 ஒற்றைப்படை என்பதால் 2, 4, 14, 28 நான்கும் அடிபடும். மிச்சம் 7. 91-ல் 13 ஏழு, 119-ல் 17 ஏழு. விடை 13:17. பத்தாவது வந்ததும் இதே சங்கதி யூக்ளிடின் வகுத்தல் வழிமுறை என்ற பெரிய பெயரோடு வரும்; அப்போது பழைய ஆள் மாதிரி வணக்கம் சொல்லிவிட்டுப் போகலாம்.

வண்டியூர் தெப்பக்குளத்தை எல்லாரும் சதுரம் என்பார்கள். 1645-ல் திருமலை நாயக்கர் கட்டிய குளம்; அரண்மனைக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் குளமானது என்று அப்பா ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் சொல்வார். நீளம் 1000 அடி, அகலம் 950 அடி. வித்தியாசம் 50, ஐம்பதாலேயே இரண்டும் வகுபடும். 20:19. சதுரத்துக்குப் பக்கத்தில், ஆனால் சதுரம் இல்லை. அதே அளவை மீட்டரில் 305, 290 என்று எழுதிப் பார்த்தால் வித்தியாசம் 15. 305 மூன்றால் வகுபடாது, ஐந்தால் மட்டும் போகும். 61:58 வருகிறது. குளம் மாறவில்லை. அடியை மீட்டராக்கும்போது முழு எண்ணாகத் திருத்தியதால் விகிதம் நூல் பிசகிவிட்டது. அதனால் திருத்திய எண்களை வைத்து விகிதம் எழுதாதீர்கள். கணக்கு முடிந்தபிறகு திருத்துங்கள்.

பின்னம் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ½ : ⅓ என்பதை 2:3 என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம். கீழே இருக்கிற எண்களைத் தூக்கி மேலே வைத்தால் போதும் என்ற நினைப்பு. அரை பெரியதா, மூன்றில் ஒன்று பெரியதா? அரைதானே? அப்புறம் முதல் எண் எப்படிச் சின்னதாகும்? இரண்டுக்கும் மூன்றுக்கும் மீச்சிறு பொது மடங்கு 6. இரண்டு பக்கமும் ஆறால் பெருக்கினால் 3:2. புள்ளி எண்ணும் அப்படியே. தளம் போடும் கான்கிரீட்டுக்கு இன்ஜினீயர் எம்20 என்பார். சிமெண்ட், மணல், ஜல்லி 1 : 1.5 : 3. இரண்டால் பெருக்கினால் 2:3:6. சட்டிக் கணக்கில் அளக்கிறவருக்கு ஒன்றரைச் சட்டியைவிட இதுதான் வசதி.

தீர்ப்பது

ஒரே விகிதத்தை எடுத்துக்கொள்வோம். அக்காவிடமும் தம்பியிடமும் இருக்கும் பணம் 7:4. இதை மூன்று விதமாகக் கேட்கலாம்.

இரண்டு பேரிடமும் சேர்த்து 132 ரூபாய். எண் மொத்தத்துடையது. 7 + 4 = 11 பங்கு. 132 ÷ 11 = 12.

தம்பியிடம் 48 ரூபாய். எண் தம்பியுடையது. 4 பங்கு. 48 ÷ 4 = 12.

தம்பியைவிட அக்காவிடம் 36 ரூபாய் அதிகம். எண் வித்தியாசத்துடையது. 7 − 4 = 3 பங்கு. 36 ÷ 3 = 12.

மூன்றிலும் ஒரு பங்கு 12 ரூபாய். அக்காவிடம் 84, தம்பியிடம் 48. மூன்று கணக்கும் ஒரே கணக்குதான், வாசல்தான் வேறு வேறு.

போன மாதம் எட்டாவது படிக்கிற பையன் ஒருத்தன் மூன்றாவதைப் போட்டுக்கொண்டிருந்தான். 36-ஐ 11-ஆல் வகுத்து, 3.27 வந்து, அதற்கு மேல் 27, 27 என்று போய்க்கொண்டே இருந்தது. "அக்கா, முடியவே மாட்டேங்குது" என்றான். நோட்டை வாங்கி, 36-க்கு மேல் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுக் கொடுத்தேன். கேள்வியைத் திரும்பப் படித்தான். "அதிகம்" என்ற சொல்லுக்கு வந்ததும் விரலை எடுக்கவே இல்லை. "இது ரெண்டு பேரோடதும் இல்லையா?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் அழித்துவிட்டான்.

"சேர்த்து", "மொத்தம்", "பகிர்ந்து" என்று வந்தால் கூட்டுங்கள். "அதிகம்", "குறைவு", "கூடுதல்" என்று வந்தால் கழியுங்கள். ஒரு பெயரோடு எண் ஒட்டிக்கொண்டு வந்தால் இரண்டும் வேண்டாம். பாடப்புத்தகக் கணக்கில் ஒரு பங்கு முழு எண்ணாகத்தான் பெரும்பாலும் வரும். புள்ளி வந்தால் தப்பு என்று அர்த்தமில்லை. கேள்வியை இன்னொரு தடவை படி என்று அர்த்தம்.

பரீட்சையில் "பங்கு" என்று எழுதினால் மார்க் கிடைக்குமா என்று அம்மாக்கள் கேட்கிறார்கள். "ஒரு பங்கு = x என்க. அக்காவிடம் 7x, தம்பியிடம் 4x" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். x என்பது வேறொன்றுமில்லை, அப்பா மண்ணில் போட்ட ஒரு கோடு.

நகைக்கடையில் மாட்டிக்கொள்ளும் இடம்

தெற்காவணி மூல வீதியில் எந்த நகைக்கடைக்குப் போனாலும் 916 என்பார்கள். அது எங்கிருந்து வந்தது? சொக்கத் தங்கம் 24 காரட், நகைத் தங்கம் 22 காரட். 22:24 = 11:12. பதினொன்றைப் பன்னிரண்டால் வகுத்தால் 0.9166... அதுதான் 916.

தங்கத்துக்கும் அதில் கலந்த செம்பு, வெள்ளிக்கும் என்ன விகிதம்? என் பத்தாவது பிள்ளைகளே யோசிக்காமல் 11:12 என்றார்கள். அப்படியானால் தங்கத்தைவிடச் செம்பு அதிகம்! 12 என்பது மொத்தம். தங்கம் 11 பங்கு போனால் மிச்சம் ஒன்று. விகிதம் 11:1. ஒரு சவரன் 8 கிராம். ஒரு பங்கு 8 ÷ 12, அதாவது முக்கால் கிராமுக்கும் கொஞ்சம் குறைவு. தங்கம் 7.33 கிராம். (புள்ளி வந்தும் சரியாக இருக்கிற கணக்கு இது.) சிமெண்டில் நான் பங்கை மொத்தத்தின் மேல் ஏற்றினேன், இங்கே மொத்தத்தைப் பங்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே தப்பின் இரண்டு முகம்.

மூன்று பேர் வந்தால்

சிமெண்டும் மணலும் 2:3, மணலும் ஜல்லியும் 1:2 என்று தனித்தனியாகக் கொடுத்து மூன்றையும் சேர்த்துக் கேட்பார்கள். இரண்டிலும் இருப்பது மணல். அது ஒன்றில் 3, இன்னொன்றில் 1. இரண்டிலும் மணலை ஒரே எண்ணாக்குங்கள்: இரண்டாவதை மூன்றால் பெருக்கினால் 3:6. சேர்த்தால் 2:3:6. மேலே பார்த்த அதே தளக் கலவை. 110 சட்டி கொட்ட வேண்டுமென்றால் 11 பங்கு, பங்குக்கு 10 சட்டி; 20, 30, 60.

விகிதம் மாறும்போது

எட்டாவதிலிருந்து பிள்ளைகள் அழுவது இந்த இடத்தில்தான். முதலில் ஒரு விகிதம், பிறகு ஏதோ நடக்கிறது, அப்புறம் வேறொரு விகிதம். இங்கே இரண்டாவது கேள்வி ஒன்று கேட்க வேண்டும்: எது மாறவில்லை?

தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் வயது 5:3. 6 வருஷம் கழித்து 3:2. இப்போது வயது என்ன?

இரண்டு பேருக்கும் வயது ஏறும், இடைவெளி ஏறாது. முதல் விகிதத்தில் இடைவெளி 2 பங்கு, இரண்டாவதில் 1 பங்கு. ஆனால் இரண்டும் ஒரே இடைவெளி. அதனால் இரண்டாவதை இரட்டித்து 6:4 என்று எழுதுங்கள். இப்போது 5:3 என்பது 6:4 ஆகியிருக்கிறது. மாமனுக்கு ஒரு பங்கு ஏறியது, மருமகனுக்கும் ஒரு பங்கு ஏறியது. அந்த ஒரு பங்குதான் 6 வருஷம். மாமன் 30, மருமகன் 18. 6 வருஷம் கூட்டிப் பார்த்தால் 36, 24, மூன்றுக்கு இரண்டு. சமன்பாட்டில் போடுகிறவர்கள் (5x + 6) : (3x + 6) = 3 : 2 என்று எழுதி, ஓரத்து இரண்டையும் பெருக்கி நடுவில் உள்ள இரண்டையும் பெருக்கிச் சமப்படுத்தினால் 10x + 12 = 9x + 18; அதே x = 6. அதிக மார்க் கணக்கென்றால் இதை எழுதுங்கள், பங்கு வழியில் விடையைச் சரிபாருங்கள்.

பால் கணக்கில் மாறாதது பால். 32 லிட்டரில் பாலும் தண்ணீரும் 3:1. 2:1 ஆக எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும்? (பால்காரர் பாவம், அவர் இல்லாத விகிதப் பாடமே இல்லை.) பால் 24, தண்ணீர் 8. பாலை இரண்டிலும் 6 ஆக்கினால் 6:2 என்பது 6:3 ஆகிறது. 24 லிட்டருக்கு 6 பங்கு, பங்குக்கு 4. ஒரு பங்கு கூடியது. 4 லிட்டர் ஊற்றினால் போதும்.

ஒருத்தர் இன்னொருத்தருக்குக் கொடுத்தால் மாறாதது மொத்தம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இரண்டு கூடை மல்லி 5:3. முதல் கூடையில் இருந்து 4 கிலோ எடுத்து இரண்டாவதில் போட்டதும் சமம். 8 பங்கும் அப்படியே இருக்கிறது, 5:3 என்பது 4:4 ஆனது. நகர்ந்தது ஒரு பங்கு, அது 4 கிலோ. 20 கிலோவும் 12 கிலோவும்.

எதிர் விகிதம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆள் கூடினால் நாள் குறையும். ஆட்கள் 4:3 என்றால் நாட்கள் 3:4, திருப்பிப் போட்டால் முடிந்தது. 4 பேர் 6 நாளில் முடிக்கும் வேலையை 3 பேர் 8 நாளில் முடிப்பார்கள். நடுவில் டீ குடிக்கப் போனால் அது கணக்கில் சேராது.

பத்தாவதுக்காரர்களுக்கு

சிமெண்டில் செய்த தப்பை நான் பத்தாவதில் மறுபடியும் செய்தேன், முக்கோணத்தில். ABC-யில் AB மேல் D, AC மேல் E; BC-க்கு இணையாக DE; AD : DB = 2:3. DE : BC என்ன? நான் 2:3 என்று எழுதி இரண்டு மார்க்கைக் கோட்டைவிட்டேன். AD-யும் DB-யும் இரண்டு துண்டு. முழுப் பக்கம் AB 5 பங்கு. வடிவொத்த முக்கோணங்களில் ஒப்பிட வேண்டியது சின்ன முக்கோணத்தின் பக்கத்தையும் பெரிய முக்கோணத்தின் முழுப் பக்கத்தையும். AD : AB = 2:5, அதனால் DE : BC-யும் 2:5.

பரப்பு கேட்டால் இரண்டையும் வர்க்கம் செய்யுங்கள்: 4:25. கீழே மிஞ்சும் சரிவகத்தோடு ஒப்பிடச் சொன்னால் 25-ல் 4 போக 21, 4:21. ஏன் வர்க்கம் என்றால், தோசையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு ஆரம் 10 செ.மீ., இன்னொன்றுக்கு 15. ஆரம் 2:3தான், ஆனால் ஒரே கனத்தில் ஊற்றினால் மாவு 4:9 செலவாகும். பெரிய தோசைக்கு ஒன்றரை மடங்கு விலை வாங்குகிற கடைக்காரருக்கு மாவிலேயே நட்டம். உருண்டை மாதிரிக் கன அளவு என்றால் கனம் செய்யுங்கள், 8:27.

போட்டுப் பார்க்க மூன்று:

1. 1¼ கிலோவுக்கும் 500 கிராமுக்கும் உள்ள விகிதம்.

2. 96 சென்ட் நிலத்தை அண்ணனும் தம்பியும் 5:3 என்று பிரித்துக்கொண்டார்கள். அண்ணனுக்கு எத்தனை சென்ட் அதிகம்?

3. மேலே சொன்ன முக்கோணத்தில் AD : DB = 3:1. ADE-யின் பரப்பு 45 ச.செ.மீ. கீழே உள்ள சரிவகத்தின் பரப்பு?

முதலாவது 5:2. மூன்றாவதில் 9 பங்கு 45, ஒரு பங்கு 5. 16-ல் 9 போக 7 பங்கு, 35 ச.செ.மீ. இரண்டாவதை அப்பாவிடம் வாயாலேயே சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்தபடி, விரலைக்கூட மடக்காமல் "24 சென்ட்டு" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "வண்டிப்பாதைக்கு எம்புட்டு விட்டாய்ங்க? அது யாரு பங்குல?" என்று கேட்டார்.